தண்டவாளம் ஏறிய அரியணை

1842 ஜூன் 13 அன்று விக்டோரியா அரசி ஸ்லவ் ரயில் நிலையத்தில் ஏறி லண்டன் பாடிங்டனில் இறங்கினார். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரம், 25 நிமிடப் பயணம். ஆட்சியில் இருந்த பிரிட்டிஷ் அரசர் ஒருவர் ரயிலில் போனது அதுவே முதல் முறை. ‘ஃபிளெகெத்தான்’ என்ற எஞ்சினை ஓட்டியவர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின் பிரிவுத் தலைவர் டேனியல் கூச். அப்போது அவருக்கு வயது 25. பக்கத்தில் நின்றவர் அந்தப் பாதையையே அமைத்த பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல். தூசியும் கூட்டமும் வெயிலும் இல்லாமல் வந்து சேர்ந்ததில் தனக்கு மிக்க மகிழ்ச்சி என்று அரசி தன் மாமா பெல்ஜியம் அரசர் லியோபோல்டுக்கு எழுதினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அரசியின் வண்டியை நடத்துவது தன் உரிமை என்று அரண்மனைக் குதிரைவண்டிக்காரர் வாதாடி, ரயில் எஞ்சினில் ஏறிக்கொண்டாராம். லண்டன் வந்தபோது அவருடைய செந்நிற அங்கி கரி படிந்து கறுத்துவிட்டதாம். கதை எவ்வளவு தூரம் நடந்ததோ, அவருடைய கவலை நியாயமானது. தலைமுறை தலைமுறையாக அரசரைச் சுமந்த கை அன்று மாறியது.

பல்லக்கு, யானை, தேர், குதிரைவண்டி எதில் ஏறினாலும், நில் என்று அரசர் சொன்னால் நின்றது, திரும்பு என்றால் திரும்பியது. ரயில் இரும்பு போட்ட இடத்துக்கு மட்டுமே போகும். எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை வளைவும், ஸ்லீப்பர் கட்டையும், எஞ்சினின் எடையும் முடிவு செய்யும். எதிரே இன்னொரு வண்டி வருகிறதா என்பது இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் தந்திக்காரருக்குத்தான் தெரியும். அரசர் முதல்முறையாகத் தன் நாட்டில் ஒரு பயணி ஆனார். அரச ரயில்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் பட்டுத் திரை, பொன்முலாம், தேக்குச் செதுக்கல் என்றே விரிகின்றன. எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது பெட்டிக்கு அடியில் இருப்பது: பாதையைப் போட்டவர், பராமரித்தவர், சிக்னல் காட்டியவர். ரயில் ஏறிய நாளிலிருந்து அரசர்களின் உயிரும், சில வேளை அரியணையும், இவர்கள் கைக்குப் போயின.

விக்டோரியா இதை உணர்ந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். ரயிலை அவர் விரும்பினார், வேகத்தை விரும்பவில்லை. பகலில் மணிக்கு 40 மைலுக்கு மேல் போகக் கூடாது, இரவில் அதனினும் குறைவு என்பது அவர் விதித்த வரம்பு. 1869இல் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வே வுல்வர்ட்டன் பணிமனையில் அவருக்காகப் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு சலூன் பெட்டிகளைச் செய்தது. செலவு 1,800 பவுன். அதில் 800 பவுனை அரசியே கொடுத்தார். இரண்டு பெட்டிகளையும் துருத்திபோல் மடியும் ஒரு நடைவழி இணைத்தது. ஓடும் ரயிலில் அதன் வழியே நடக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமானால் ரயில் நிற்க வேண்டும். பின்னாளில் மின்விளக்கு வந்தபோதும் எண்ணெய் விளக்கை விட அவருக்கு மனம் வரவில்லை.

அரசி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் ரயில்வே ஊழியர்கள் செய்ய வேண்டியிருந்த வேலையை நினைத்துப் பார்க்க வேண்டும். அரச ரயிலுக்கு 15 நிமிடம் முன்னால் ஒரு பைலட் எஞ்சின் தனியாக ஓடியது. பாதையில் கண்ணியோ பள்ளமோ இருந்தால் அது முதலில் அந்த எஞ்சினைத்தான் கவிழ்க்கும். அதில் இருந்த ஓட்டுநரும் கரி போடுபவரும் அரசிக்காக வைக்கப்பட்ட பணயம். சரக்கு வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன. லெவல் கிராசிங்குகளில் காவல் நின்றது. பாதை பிரியும் இடங்களில் பாயின்டுகள் பூட்டப்பட்டன. பாதைப் பணியாளர்கள் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி வரிசையாக இரவெல்லாம் நின்றார்கள். அரசி உறங்கிக்கொண்டு கடந்த ஒவ்வொரு மைலிலும் யாரோ ஒருவர் விழித்திருந்தார்.

இதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் அரச ரயில் ஒரு போட்டியாகவே ஆயிற்று. மூன்றாம் நெப்போலியனுக்காக 1856இல் ஓர்லியான் ரயில் நிறுவனம் செய்த ரயிலை, நோத்ர தாம் தேவாலயத்தைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துயுக் அலங்கரித்தார். போப் ஒன்பதாம் பயஸின் ரயிலில் சிற்றாலயமும், கூடியிருக்கும் மக்களை நின்று ஆசீர்வதிக்க ஒரு மாடப் பெட்டியும் இருந்தன. அது இன்று ரோமின் சென்ட்ராலே மொந்தெமார்த்தினி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பவேரியாவின் இரண்டாம் லுட்விக்கின் பெட்டி நியூரம்பெர்கில் இருக்கிறது. இவற்றில் அழகு நிறைய உண்டு, வரலாறு குறைவு. எகிப்தில் நடந்த ஒரு விபத்துக்கு இவை எதுவும் ஈடாகாது.

அலெக்சாந்திரியாவையும் கெய்ரோவையும் இணைத்த ரயில் பாதை ராபர்ட் ஸ்டீஃபன்சனின் பொறுப்பில் 1856இல் முடிந்தது. ஆனால் நைலின் ஒரு கிளையைக் கடக்கும் கஃப்ர் அல்-சய்யாத்தில் இன்னும் பாலம் கட்டி முடியவில்லை. பெட்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை கொண்டுபோக வேண்டும். 1858 மே 15 அன்று அரச குடும்பத்தாருடன் வந்த சிறப்பு ரயிலின் பெட்டி அங்கே ஆற்றில் விழுந்தது. ஆட்சியாளர் சயீத் பாஷாவுக்கு அடுத்து ஆள வேண்டிய இளவரசர் அகமது ரிஃபாத் மூழ்கி இறந்தார். உடனிருந்த இளவரசர் அப்துல் ஹலீம் உயிர் தப்பினார். வாரிசுரிமை அகமதுவின் தம்பி இஸ்மாயிலுக்குப் போனது. 1863இல் ஆட்சிக்கு வந்த அந்த இஸ்மாயில்தான் சூயஸ் கால்வாயைத் திறந்துவைத்தவர். கெய்ரோவைப் பாரிஸாக்க முயன்றவர். கடன் மேல் கடன் வாங்கி, அதன் வழியே பிரிட்டிஷ் ஆதிக்கம் நுழையக் கதவு திறந்தவர். அகமது ஆண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எகிப்தை அடுத்து ஆளப்போவது யார் என்பதை அன்று தீர்மானித்தது ஓர் ஆற்றுக்கரை ரயில் கடவை.

இந்தக் கதை முழு வீச்சில் நடந்த நாடு ரஷ்யா. பேரரசின் பரப்பு அப்படி: தலைநகரிலிருந்து கிரிமியாவின் கோடை மாளிகைக்குப் போவதே ஒரு கண்டத்தின் பாதியைக் கடப்பது போன்றது. ரயில் இல்லாமல் சார் மன்னருக்கு வேறு வழியில்லை. எங்கே, எந்தப் பாதையில், எப்போது வருவார் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும். 1879இல் ‘நரோத்னயா வோல்யா’ என்ற புரட்சிக் குழு இதைத்தான் பயன்படுத்தியது. இரண்டாம் அலெக்சாண்டர் கிரிமியாவிலிருந்து திரும்பும் வழியில் ஒதெசா, அலெக்சாந்த்ரோவ்ஸ்க், மாஸ்கோ ஆகிய மூன்று இடங்களில் வெடி வைக்கத் திட்டம். மன்னர் ஒதெசா வழியே வரவில்லை. அலெக்சாந்த்ரோவ்ஸ்கில் வெடி வெடிக்கவில்லை. மாஸ்கோவில் சோஃபியா பெரோவ்ஸ்கயாவும் லெவ் ஹார்ட்மனும் கணவன் மனைவி போல் ஒரு வீட்டில் குடியேறி, அங்கிருந்து தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள்.

மன்னருக்காக எப்போதும் இரண்டு ரயில்கள் ஓடும். பரிவாரமும் மூட்டை முடிச்சும் ஏறிய ரயில் முன்னால், மன்னர் ரயில் பின்னால் என்பது வழக்கம். குழுவினர் அதை அறிந்திருந்தார்கள். நவம்பர் 19 இரவு (நம் நாட்காட்டியில் டிசம்பர் 1) முதல் ரயிலை விட்டுவிட்டு இரண்டாவதை வெடிக்கச் செய்தார்கள். ஆனால் அன்று பரிவார ரயிலின் எஞ்சினில் ஏற்பட்ட கோளாறால் வரிசை மாறியிருந்தது. மன்னர் முதல் ரயிலில் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு எஞ்சின் பழுது அவருக்கு இன்னும் ஓராண்டும் சில மாதங்களும் வாழ்வு தந்தது. 1881இல் அவரைக் கொன்ற குண்டு தெருவில் வீசப்பட்டது.

அடுத்த விபத்துக்குப் புரட்சிக்காரர் எவரும் தேவைப்படவில்லை. அரச ரயில்களின் வரலாற்றில் மிகுந்த பாடம் உள்ள நிகழ்வு என்று நான் கருதுவது இதையே. 1888இல் தென்மேற்கு ரயில்வே என்ற தனியார் நிறுவனத்தின் மேலாளராக இருந்தவர் செர்கேய் வித்தே. மூன்றாம் அலெக்சாண்டரின் ரயில் தன் பாதையில் போவதற்கு வந்த கால அட்டவணையைப் பார்த்து அவர் கலங்கினார். அத்தனை கனமான ரயில். அதை இழுக்க முன்னால் இரண்டு எஞ்சின்கள். அந்த எடையோடு அந்த வேகத்தில் போனால் தண்டவாளம் விலகும் என்பது அவர் கணக்கு. வேகத்தைக் குறைத்து அட்டவணையை மாற்றினார். தாமதம் கண்டு மன்னர் நேரிலேயே கடிந்துகொண்டார். மற்ற பாதைகளில் எல்லாம் வேகமாகத்தானே போகிறோம் என்றார். மன்னரின் தலை உடைவதற்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்று மன்னரின் காதில் விழும்படியே சொன்னதாக வித்தே தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார்.

சில வாரங்களே கழிந்திருந்தன. 1888 அக்டோபர் 29 அன்று கார்க்கிவுக்கு அருகே போர்க்கி என்ற இடத்தில் அதே ரயில் தடம்புரண்டது. முன்னால் இருந்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று பயணிகள் வண்டிக்கானது, மற்றது சரக்கு வண்டிக்கானது. இரண்டின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின்னால் 15 பெட்டிகள். அட்டவணை பிந்தியிருந்ததை ஈடுகட்ட வேகம் கூட்டியிருந்தார்கள். மன்னர் குடும்பம் உணவுப் பெட்டியில் அமர்ந்திருந்தபோது அது நொறுங்கியது. குடும்பத்தில் எவரும் இறக்கவில்லை. ஊழியர்களும் பணியாட்களுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரிந்த கூரையை மன்னர் தன் தோளில் தாங்கிப் பிள்ளைகளைக் காத்தார் என்ற கதை நாடெங்கும் பரவியது. அவர் உடல் வலிமை மிக்கவர்தான். அரசும் தேவாலயமும் இதைத் தெய்வ அற்புதமாகக் கொண்டாடின. அந்த இடத்தில் பெரிய தேவாலயம் எழுந்தது. விசாரணை நடத்திய சட்ட அறிஞர் அனத்தோலி கோனி கண்டது வேறு. லாபத்தையே பார்த்த தனியார் நிறுவனம் பாதையைச் சரியாகப் பராமரிக்கவில்லை. ரயிலிலேயே இருந்த போக்குவரத்து அமைச்சரும் தலைமை ஆய்வாளரும், வேகத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டியவர் மற்றவர் என்று இருந்துவிட்டார்கள். மன்னருக்குப் பிடிக்காததைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. வழக்கு நடந்திருந்தால் இதெல்லாம் வெளிவந்திருக்கும்; மன்னரின் ஆணையால் அது கைவிடப்பட்டது. இறந்த பணியாட்களின் குடும்பங்களுக்கு ஒரு தீர்ப்பாவது கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அற்புதம் என்ற பேச்சு அந்தத் தீர்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மன்னரிடம் இருந்த ஒரு நேர்மையையும் சொல்ல வேண்டும். தன்னை எதிர்த்துப் பேசிய மேலாளரை அவர் மறக்கவில்லை. போக்குவரத்து அமைச்சர் போசியெத் பதவி இழந்தார். 1889இல் வித்தே அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டு ரயில்வே விவகாரத் துறையின் தலைவரானார். 1892இல் முதலில் போக்குவரத்து அமைச்சர், சில மாதங்களில் நிதி அமைச்சர். சைபீரியாவைக் குறுக்கே கடக்கும் மாபெரும் ரயில் பாதையை முன்னெடுத்தவர் அவரே. ஒரு ரயில்வே மேலாளர் பேரரசின் போக்கையே மாற்றும் இடத்துக்கு வந்ததற்கு ஒரு கால அட்டவணைத் தகராறுதான் வழி திறந்தது.

பிறகு 1917. இரண்டாம் நிக்கோலஸ் போர்முனைத் தலைமையகமான மகிலியோவில் இருந்தபோது பெத்ரோகிராதில் புரட்சி வெடித்தது. மார்ச் 13 அதிகாலை அவருடைய ரயில் குடும்பம் இருந்த த்சார்ஸ்கோயே செலோவை நோக்கிப் புறப்பட்டது. நேர்வழியில் கலகத்தை அடக்கப் போகும் படை ரயில்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று சுற்றுவழியைத் தேர்ந்தார்கள். அந்த நீண்ட சுற்றில் ஒரு முழு நாள் போயிற்று. அதற்குள் தலைநகரில் நாடாளுமன்றமான டூமாவின் உறுப்பினர் புப்ளிகோவ் போக்குவரத்து அமைச்சகத்தைக் கைப்பற்றி, ரயில்வேயின் சொந்தத் தந்தி வலையமைப்பின் வழியாகவே ஆட்சி மாறிவிட்டது என்று நாட்டின் எல்லா நிலையங்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டார். எஞ்சின் வடிவமைப்பில் வல்லவரான யூரி லொமொனோசோவ் அவருக்குத் துணை நின்றார். மன்னரின் ரயில் எந்த நிலையத்தைக் கடக்கிறது என்பது புரட்சிக்காரர்களுக்கு உடனுக்குடன் தெரிந்தது. தலைநகரில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது மன்னருக்குத் தெரியவில்லை.

நள்ளிரவுக்குப் பின் மாலயா விஷேரா நிலையத்தில் ரயில் நின்றது. முன்னால் உள்ள நிலையங்கள் கலகக்காரர் வசம் என்று செய்தி. திரும்பிப் பலகோயே, அங்கிருந்து மேற்கே த்னோ, கடைசியில் பிஸ்கோவ். வடக்குப் போர்முனைப் படையின் தலைமையகம் அங்கே இருந்ததால், தந்திக் கம்பி கிடைக்கும் என்று அங்கே போனார்கள். அந்தக் கம்பியில்தான் தளபதிகளின் வேண்டுகோள்கள் ஒவ்வொன்றாக வந்தன. மன்னரின் உறவினரான பெரும் இளவரசர் நிக்கோலாயும் பதவி விலகக் கேட்டுக்கொண்டார். மார்ச் 15 இரவு, பச்சைப் பட்டு ஒட்டிய சலூன் பெட்டியில், டூமாவிலிருந்து வந்த குச்கோவ், ஷுல்கின் என்ற இருவரின் முன்னிலையில் நிக்கோலஸ் முடிதுறந்தார். ரொமனோவ் குலத்தின் 300 ஆண்டு ஆட்சி ஒரு ரயில் நிலையத்தின் பக்கப் பாதையில் முடிந்தது. அவரைப் பிடித்து அடைக்க எந்தப் படையும் தேவைப்படவில்லை. இரண்டு நிலையங்களில் பாதையைக் கொடுக்காமல் இருந்ததே போதுமாக இருந்தது.

சீனாவில் இந்த உறவு வேறு விதமாக வளர்ந்தது. 1876இல் ஷாங்காய் அருகே வெளிநாட்டார் போட்ட முதல் பாதையை அரசு விலைக்கு வாங்கி, மறு ஆண்டே பெயர்த்துப் போட்டது. ரயிலின் மீது நம்பிக்கை உண்டாக்க, லி ஹோங்சாங் 1888இல் பெய்ஜிங் அரண்மனைத் தோட்டத்துக்குள் பேரரசித் தாய் சிஷிக்காக ஒரு குட்டிப் பாதையை அமைத்தார். எஞ்சினின் இரைச்சல் ஆகாது என்று பெட்டிகளை அரண்மனை அலிகள் கயிறு கட்டி இழுத்தார்கள் என்பது வழங்கிவரும் செய்தி. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நுழைந்தபோது தலைநகரை விட்டுத் தப்பி ஓடிய சிஷி, 1902 ஜனவரியில் திரும்பி வந்தது பெல்ஜியர்கள் போட்டுக்கொண்டிருந்த பாதையில், ரயிலில். அந்தப் பயணம் அவருக்குப் பிடித்துப்போனது. மூதாதையரின் மேற்குக் கல்லறைகளுக்கும் ரயிலிலேயே போக விரும்பினார். அதற்கென ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பாதையை நான்கே மாதத்தில் போட்டு முடித்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்த சான் தியன்யூ. அதில் கிடைத்த பெயரே அவரைப் பெய்ஜிங்–சாங்ஜியாகோ பாதைக்குத் தலைமைப் பொறியாளராக்கியது; வெளிநாட்டுப் பொறியாளர் தயவின்றிச் சீனர்கள் கட்டிய அந்த மலைப்பாதை 1909இல் திறக்கப்பட்டது. கல்லறைக்குப் போக நினைத்த ஓர் அரசியின் ஆசை ஒரு நாட்டின் பொறியியலுக்குப் பள்ளிக்கூடமானதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஜப்பானில் மெய்ஜி பேரரசரே 1872 அக்டோபர் 14 அன்று ஷிம்பாஷி–யோகோஹாமா பாதையைத் திறந்துவைத்தார். அங்கே பேரரசர் ரயிலுக்குக் கடும் விதிகள் உருவாயின: வேறு ரயில் இணையாக ஓடக் கூடாது, முந்தக் கூடாது, மேலே பாலத்தில் குறுக்கே கடக்கவும் கூடாது. எஞ்சினின் நெற்றியில் செவ்வந்திப்பூ முத்திரை. பயபக்தி எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 1911 நவம்பரில் மோஜி நிலையத்தில் நடந்தது சான்று. பேரரசருக்கான பெட்டியை நகர்த்தும்போது அது தடம்புரண்டு, பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தியது. எவருக்கும் காயமில்லை. நிலையத்தில் பொறுப்பில் இருந்த ஊழியர் ஒருவர் அதற்காக ரயில் முன் பாய்ந்து உயிர் விட்டார். அவர் செய்தது கடமை உணர்வின் உச்சமா, வீண் சாவா என்று ஜப்பானியப் பத்திரிகைகளிலேயே விவாதம் எழுந்தது. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு ஓர் உயிர் விலையாவதை எந்தப் பக்தியின் பேராலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்திறங்கி, தென்னிந்திய ரயில்வேயின் புதுப் பாதையில் மதுரைக்கும் திருச்சிக்கும் போனார். வழியில் மணியாச்சியில் மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜென்டும் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களைத் திரட்டி நின்று வரவேற்றார்கள். பொதுமக்களுக்கு அந்தப் பாதை திறந்தது 1876 ஜனவரி 1 அன்று. ஆக, தூத்துக்குடிப் பாதையில் ஊர்மக்களுக்கு முன்பே ஓடியது ஓர் அரச ரயில்.

ஆனால் இந்தியக் கதையின் உட்கரு சமஸ்தானங்களில் இருக்கிறது. மைசூர் மகாராஜாவின் 1899ஆம் ஆண்டுச் சலூன், பரோடா கெய்க்வாட்டின் 1886ஆம் ஆண்டுச் சலூன் இரண்டும் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது தேக்கும் தந்தமும் பொன் வேலைப்பாடும். தெரியாதது ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் பெரிய பாதைகள் சமஸ்தான எல்லைக்குள் புகும்போது, அந்த ரயில் நிலத்தின் மீதான நீதி அதிகாரத்தை மன்னர்கள் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர் எல்லாம் இதற்கு உட்பட்டவையே. அந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஹைதராபாத் எல்லைக்குள் ரயில் நிலையத்தில் சிம்லா நீதிபதியின் ஆணைப்படி ஒருவரைக் கைது செய்தது செல்லாது என்று 1897இல் தீர்ப்பானது. ஆனாலும் ரயில்வே தொடர்பான அதிகாரம் பிரிட்டிஷாரிடமே நின்றது. ஒரு மகாராஜா தன் சின்னம் பொறித்த சலூனில், தன் நாட்டு வயல்களுக்கு நடுவே போகிறார். ஆனால் சக்கரம் ஓடும் அந்தக் கீற்று நிலத்தில் சட்டம் அவருடையது இல்லை. பரோடாவும் குவாலியரும் தங்கள் சொந்தக் குறும்பாதைகளை ஆசையோடு போட்டதன் பின்னால் இந்த ஆதங்கத்துக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. சுதந்திரத்துக்குப் பின் பழைய சலூன்கள் பலவும் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தன. அவற்றில் சிலவற்றைக் கோத்துத்தான் 1982 ஜனவரி 26 அன்று ‘பேலஸ் ஆன் வீல்ஸ்’ சுற்றுலா ரயில் ஓடத் தொடங்கியது.

முடியாட்சிகள் சரிந்த காலத்தில் அதே பெட்டிகள் வெளியேறும் வாகனங்களாயின. 1918 நவம்பர் 10 அதிகாலை ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஸ்பாவிலிருந்து தன் ரயிலில் புறப்பட்டார். வழியில் கலகப் படைகள் மறிக்கலாம் என்ற அச்சத்தில் ரயிலை விட்டுக் காரில் ஏறி, டச்சு எல்லையான ஐஸ்டனுக்கு வந்தார். அடைக்கலம் கிடைக்குமா என்று தெரியாமல் நிலைய நடைமேடையில் மணிக்கணக்கில் உலாவினார். பின்னால் வந்து சேர்ந்த ரயிலில்தான் அன்றிரவு தங்கினார். 1919 மார்ச்சில் ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் நாடு நீங்கிச் சுவிட்சர்லாந்துக்குப் போனபோது, எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் எதிர்த்திசையில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார். ஃபெல்ட்கிர்ஷ் எல்லை நிலையத்தில் பேரரசரின் ரயில் வந்து நின்றதையும், ஜன்னலருகே நின்ற முகத்தையும் அவர் தன் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1936 மே 2 அன்று எத்தியோப்பியாவின் ஹெய்லி செலாசி அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்திக்கு ரயில் ஏறினார். மூன்று நாள் கழித்து இத்தாலியப் படை தலைநகருக்குள் நுழைந்தது. நாட்டுக்கு வெளியே போக ஒரே ஒரு ரயில் பாதை. அதுவும் பிரெஞ்சு நிறுவனத்துடையது.

அரசர்களில் எஞ்சினையே புரிந்துகொள்ள முயன்றவர் என்று பல்கேரியாவின் மூன்றாம் போரிஸைச் சொல்லலாம். தொழில் கற்று, ஓட்டுநர் இடத்தில் நின்று, எஞ்சின்களைத் தானே ஓட்டினார். அவரைப் போன்றவர்கள் மிகச் சிலரே என்பது இந்த வரலாற்றின் இயல்பைச் சொல்லிவிடுகிறது.

விமானம் வந்தபின் அரச ரயிலின் தேவை சுருங்கியது. அதை ஆட்சியின் கருவியாகவே இன்றும் வைத்திருப்பது வட கொரியா. கிம் ஜோங் இல் 2001இல் மாஸ்கோவுக்கு ரயிலிலேயே போய்த் திரும்பினார். 2011 டிசம்பரில் அவர் இறந்ததும் ரயிலில்தான் என்பது அரசின் அறிவிப்பு. அவர் மகன் கிம் ஜோங் உன் 2019 பிப்ரவரியில் ஹனோய்ப் பேச்சுவார்த்தைக்குச் சீனாவின் நீளத்தைக் கடந்து 60 மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்தார். அவருக்கு வழிவிட இன்னொரு நாட்டின் ரயில்கள் காத்திருந்தன. விக்டோரியா காலத்துப் பைலட் எஞ்சினின் தர்க்கம்தான் இதுவும். அளவு மட்டுமே பெரிது.

பிரிட்டனில் அரச ரயில் கடைசி நிலையத்தை நெருங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் ஆறாம் ஜார்ஜுக்காகக் கவசத் தகடு பொருத்திய பெட்டிகள் செய்யப்பட்டன. இரவுகளில் அந்த ரயில் ஒதுக்குப்புறப் பாதைகளில் மறைந்து நின்றது. 1977இல் எலிசபெத் அரசியின் வெள்ளி விழாவுக்காகப் புதுப்பித்த ரயில் இன்றும் வுல்வர்ட்டனிலேயே பராமரிக்கப்படுகிறது. செலவைக் காரணம் காட்டி, 2027க்குள் அதை நிறுத்தப்போவதாகப் பக்கிங்ஹாம் அரண்மனை 2025 கோடையில் அறிவித்தது. இனி அந்த வேலையை இரண்டு புதிய ஹெலிகாப்டர்கள் பார்க்குமாம்.

அந்தப் பெட்டிகளில் சிலவாவது காட்சிக்கு வரும். யார்க் நகரின் ரயில் அருங்காட்சியகத்தில் விக்டோரியாவின் சலூனுக்கு முன் நிற்பவர்களின் கண் நீலப் பட்டிலும் மெத்தை வைத்த கூரையிலும்தான் போய் நிற்கிறது. இந்த முறை பெட்டியோடு சேர்த்து, ஒவ்வொரு பயணத்துக்கும் ஊழியர்களுக்கென அச்சிட்ட பணி அறிவிப்புகளையும் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: எந்த நிமிடத்தில் எந்த சிக்னல் பெட்டியைக் கடக்க வேண்டும், எந்தப் பாயின்ட் பூட்டப்பட வேண்டும், எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு ஆள் நிற்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் தாள்கள் அவை. அரச ரயிலை ஓட்டிய மனிதர்களைப் பற்றி நம்மிடம் உள்ள சான்றுகளில் அவற்றுக்கு இணையானவை அதிகம் இல்லை.